ஒன்பதாவது கட்டம்

ஊசூர் கூட்ரோட்டிலிருந்து விசாரித்துக்கொண்டே
வீடு வந்து சேர்ந்தார் நன்னடத்தை அலுவலர்.
சித்திரை வெயில்.
ரெண்டு சொம்பு தண்ணீர் குடித்த பிறகுதான்
பேரைச் சொன்னார்:
ஜம்புலிங்கம். வயது எழுபத்தைந்து.
தொரப்பாடி ஜெயிலில் பத்தொன்பது வருஷம்.

அந்தப் பேரை இந்த வீட்டில் சொல்வதில்லை.
'அவன்' என்றால் போதும்.

"ஒரு கண்ணு தெரியலம்மா. சர்க்கரை.
இடது கால்ல ரெண்டு விரலை
அடுக்கம்பாறை ஆஸ்பத்திரியில எடுத்துட்டாங்க.
காலையில கம்பியப் புடிச்சிக்கினு
அணைக்கட்டு பஸ் போயிடுச்சான்னு கேக்கறாராம்."

வயதானதால் விடலாமா என்று கேட்கிறது காகிதம்.
கஜபதிக்கு இன்னும் இருபத்தாறு.
அண்ணனைவிடப் பதினைந்து வயது மூத்த
தங்கச்சி நான்.
மூக்குக் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டே
வீடெல்லாம் தேடியிருப்பானோ,
பல்செட் கட்டியிருப்பானோ,
சர்க்கரை வந்திருக்குமோ அவனுக்கும்.
மோட்டார் முறை யாருக்கு என்ற தகராறில்
கடப்பாரை இறங்கியது
அந்தக் கிழவன் தலையிலும்தான்.

"எதுக்கு உள்ள கீறோம்னு தெரியுதா அவருக்கு?"
கேட்டுவிட்டேன்.
'அவருக்கு' என்று என் வாயிலிருந்து வந்தது
எனக்கே கேட்டது.

அலுவலர் பேனா மூடியைத் திருகினார்.
"சில நாள் தெரியுது. அன்னிக்கு சாப்பிட மாட்டார்.
மத்த நாள்ல நல்லா சாப்பிடறார்."

கோழி ஒன்று அவர் செருப்பைக் கொத்திப் பார்த்தது.

ஒன்பதாவது கட்டம்:
இறந்தவர் குடும்பத்தின் ஆட்சேபணை
உண்டு / இல்லை. ஒன்றை அடிக்கவும்.

"அவங்க வீட்டுக்குப் போனீங்களா?"
"காலையிலேயே போனேன்" என்று
வேறொரு தாளை எடுத்தார்.
காட்டக் கூடாது, காட்டினார்.
மகன் கையெழுத்து, நல்ல தெளிவான கையெழுத்து.
ஏற்க இயலாது.
காரணம்: ஒரே அறை. மகள் பிளஸ் டூ படிக்கிறாள்.

சிரிப்பு வந்தது.
பாதியில் நின்றுவிட்டது.

பேனாவை வாங்கினேன்.
எதையும் அடிக்கவில்லை.
கட்டத்துக்கு வெளியே, ஓரமாக எழுதினேன்:
விடட்டும்.
ஆனால் இந்த வழியாகக் கூட்டிவர வேண்டாம்.
கிணறு ரோட்டோரம் இருக்கிறது.

"இதுக்குக் கட்டம் இல்லையேம்மா."
"தெரியுது சார்."

கொதிக்கும் சீட்டில் ஃபைலைப் போட்டு
அதன்மேல் உட்கார்ந்து போனார்.
நாலு பேர் பதிலும் அந்த ஃபைலில்.

கொஞ்ச நேரத்தில் அணைக்கட்டு பஸ் போனது.
மணி பார்த்தேன்.
மூன்று பத்து.
யார் கேட்டார்கள்?