என் படுக்கைக்கு மேலே இருநூற்று நாற்பது லிட்டர்

நாலாவது மாடி என்னுடையது.
ஐந்தாவதில் வெல்கா, டிராம் ஓட்டுகிறவள்.
நடுவில் சோவியத் காலத்துக் கான்கிரீட்,
ஒரு சாண் கனம் இருந்தால் அதிகம்.

செப்டம்பரில் நாலு பேர் மூச்சிரைக்கப்
படியேறிப் போனார்கள்
கண்ணாடிப் பெட்டி ஒன்றைப் பிணம்போலச் சுமந்து.
அன்றிரவே கணக்குப் போட்டேன்.
முப்பத்தோரு வருஷம்
ரீகா துறைமுகத்தில் கணக்கெழுதிய கை.
தண்ணீர் இருநூற்று நாற்பது கிலோ,
கண்ணாடி நாற்பத்தைந்து, மணல் முப்பது,
மேசை தனி.
மொத்தமும் என் தலையணைக்கு நேர் மேலே.

சண்டைக்குத்தான் போனேன்.
கதவைத் திறந்தவள் கையில் ரசமட்டம்.
"சுவரோரம்தான் வைத்திருக்கிறேன், ஜிகுர்ட்ஸ்.
ஒரு நூல்கூடச் சாயவில்லை, வந்து பாருங்கள்."

பார்த்தேன்.
விளக்கு எரிந்தது. தண்ணீர் இருந்தது.
நாலைந்து செடிகள் காற்றில்லாமல் ஆடின.
மீன்?
"இன்னும் நாள் இருக்கிறது" என்றாள்
பிரசவத் தேதி சொல்கிறவள் மாதிரி.

பணிமனைத் தோழன் ஒருவன் தன் தொட்டியிலிருந்து
பழைய வடிகட்டிப் பஞ்சைத் தந்திருந்தான்.
ஊறுகாய் ஜாடியில், கழுவாமல்.
அழுக்குதான் விதையாம்.
கண்ணுக்குத் தெரியாதவர்கள் முதலில் குடிவரவேண்டும்,
அடுப்பங்கரை பழகவேண்டும்,
அப்புறம்தான் விருந்தாளி.
அதுவரை அவர்களுக்குச் சாப்பாடு,
தினமும் சில சொட்டு அம்மோனியா.

சோதனைக் குழாயின் நிறங்களை அவள்
ரொட்டி சுற்றிய காகிதத்தில் கிறுக்கியிருந்தாள்.
அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.
மறுநாள் ஒரு பேரேட்டோடு போனேன்.
மூன்று பத்தி, சிவப்பு மையில் கோடு.

ஒன்பதாம் நாள்: அம்மோனியா, பச்சை.
பத்தொன்பது: நைட்ரைட், கத்தரிப்பூ நிறம்.
இருபத்தாறு: அதே கத்தரிப்பூ. வெல்கா பேசவில்லை.
முப்பத்தொன்று: அதே.
முப்பத்தெட்டாம் நாள் மாலை
இரண்டு பத்தியிலும் சுழியம் எழுதினேன்.
என் உத்தியோகத்தில் சுழியம் வந்தால்
யாரையாவது கூப்பிட்டு விசாரிப்பார்கள்.
அன்று எனக்குக் கருப்புப் பால்சம் ஊற்றித் தந்தாள்.

பன்னிரண்டு நியான் டெட்ரா வந்தன.
பையோடு அவற்றை மிதக்கவிட்டு
சூடு ஒத்துப்போகக் காத்திருந்தோம்.
நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு,
அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல்.

அடுத்த ஞாயிறு எண்ணினால் பதினொன்று.
மூன்று தடவை எண்ணினேன்.
பன்னிரண்டாவது சோபாவுக்கடியில் கிடந்தது,
காய்ந்த எலுமிச்சைத் தோல் போல.
பேரேட்டில்: கழிவு ஒன்று.
காரணம்: மூடியில் இடைவெளி, இரண்டு விரல்.
இடைவெளியை அன்றே அடைத்தாள்.

ஞாயிறுதோறும் கால்பங்கு நீர் மாற்றுவாள்.
வாளி நகரும் சத்தம் எனக்குக் கீழே கேட்கும்.
மற்ற நேரமெல்லாம் பம்பின் முனகல்.
அதைப் பற்றி வீட்டுவசதி அலுவலகத்துக்கு
நான் எழுதி அனுப்பாத கடிதம்
இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

ஜனவரி. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினேழு.
இரவு மூன்று மணிக்கு விழிப்புத் தட்டியது.
எதுவும் கேட்கவில்லை.
அதுதான் எழுப்பியது.
தெருவிளக்கும் இல்லை, எதிர்ப் பக்கக் கட்டடமும் இருட்டு.
வெல்காவுக்கு அன்று பணிமனையில் இரவு வேலை.
சாவி என்னிடம் இருந்தது.

டார்ச் அடித்தேன்.
பதினொன்றும் சாம்பலாகிக் கிடந்தன,
நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை.
போச்சு என்று முழங்கால் மடிந்தது.
இருட்டில் அந்த மீன்கள் நிறத்தைக் கழற்றி வைத்துவிடும் என்று
எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.
ஒன்று செவுளை அசைத்தது.

என் ரஜாயைக் கொண்டுவந்து
கண்ணாடியைச் சுற்றிக் கட்டினேன்.
கெட்டில் மூடி, குவளை, கைக்குக் கிடைத்ததால்
மொண்டு, உயரத்திலிருந்து ஊற்றி,
மறுபடி மொண்டு.
காற்று உள்ளே போகட்டும்.
நூறுவரை எண்ணினேன், இருநூறுவரை,
அப்புறம் எண்ணவில்லை.