விநாடிக்கு இத்தனை

விடுப்பு விண்ணப்பத்தில்
'நீரோட்டப் பரிசோதனை' என்று எழுதினேன்.
ரைட்டர் ஏட்டு நிமிர்ந்தார்:
"பெண்ணையாத்துலயா?"
ஆமாம் சார் என்றேன்.

ஆற்றங்கரையில் நின்றவள்தான்.
சாத்தனூரில் மதகு திறந்த இரவு
விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி என்று
மைக்கில் சொல்லிக்கொண்டே
கடலூர்ப் பக்கத்துப் பாலமுனையில்
பதினாலு மணி நேரம்.
ஊரெல்லாம் தண்ணீர்.
எனக்கு ஒதுங்க ஒரு மறைப்பு இல்லை.

மற்ற நாட்களில் ஆல்பேட்டை சோதனைச்சாவடி.
புதுச்சேரி வண்டிகளில் புட்டி தேடுவேன்,
சீட்டுக்கு அடியில், டிபன் கேரியரில்,
ஒருமுறை இளநீர்க் குலைக்கு நடுவில்.
எவள் இடுப்பில் பாட்டில் இருக்கிறதென்று
நடையை வைத்தே சொல்லிவிடுவேன்.
என் நடையை யாரும் பார்த்ததில்லை.

கூட இருக்கும் ஆண்கள்
சுவர்ப்பக்கம் திரும்பினால் வேலை முடிந்தது.
நான் காலையில் தண்ணீர் குடிக்காமல்
கிளம்பப் பழகினேன்,
நாலு மணிக்கு பெல்ட்டை
ஒரு ஓட்டை தளர்த்தவும்.
பதினோரு வருஷம்.
பிறகு எரிச்சல். பிறகு குளிர்க்காய்ச்சல். பிறகு
போய்விட்டு வந்த மறுநிமிஷமே
போகாதது போல.

புதுச்சேரி ஆஸ்பத்திரி, மாடியில் கோடி அறை.
வெளியே பெஞ்சில்
ஜவுளிக்கடை யூனிபார்மில் இரண்டு பேர்,
ஒரு டீச்சர், நெத்திலி மணக்க ஒருத்தி.
எல்லோர் மடியிலும் தண்ணீர் பாட்டில்.
யாரையும் யாரும் பார்க்காமல் குடித்தோம்.

உள்ளே நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி,
அதன் கீழ் புனல்,
புனலுக்கும் கீழே தராசு மாதிரி ஒன்று.
"முட்டுதா? எப்பவும் போல போங்க"
என்று கதவைச் சாத்தினாள் மர்செலின்.

எப்பவும் போல என்றால்
தாழ்ப்பாள் இல்லாத கதவை ஒரு கையால் இழுத்துப் பிடித்து,
உட்காராமல், நிற்காமல்,
வெளியே யாராவது இருமினால் பாதியில் நிறுத்தி.

இங்கே தாழ்ப்பாள் இருந்தது.
ஃபேன் கூட ஓடியது.
வரவில்லை.
மர்செலின் வெளியே குழாயைத் திறந்துவிட்டாள்.
அந்தச் சத்தத்துக்குக்
கொஞ்சம். நின்றது. கொஞ்சம். நின்றது.

ஒரே மேடாக ஏறி இறங்கணுமாம் கோடு.
எனது ரம்பப் பல்.
உச்சமே விநாடிக்கு ஒன்பது மில்லி.
அடிவயிற்றில் ஸ்கேன் வைத்துப் பார்த்து
இன்னும் நூற்றெண்பது உள்ளேயே நிற்குது என்றார் டாக்டர்.
"அடைப்பு ஒண்ணும் இல்லம்மா.
பிடிச்சே பழகின தசை.
விடுன்னா அது நம்ப மாட்டேங்குது."

மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை,
முட்டினாலும் முட்டாவிட்டாலும்.
முடிந்ததும் இருபது எண்ணி, இன்னொரு தடவை.

திங்கட்கிழமை, பதினொன்றரை.
எதிர்ச்சாரி டைலர் வீட்டில் கேட்டு வைத்திருந்தேன்,
பின்கட்டில் நீலக் கதவு.
தடுப்புக் கட்டையை இறக்கினேன்.
இரண்டு பஸ், ஒரு மீன் லாரி, பின்னால் பைக்குகள்.
ஹாரன் மேல் ஹாரன்,
"பொற்செல்வி மேடம் எங்க?" என்று ஏட்டின் குரல்.

பதினேழு.
பதினெட்டு.
நிற்கட்டும்.