ரசமட்டம்

கிழக்கு மேட்டில் நின்று பார்த்தேன்:
மேற்கு மேடு உயரம்.
மூச்சு வாங்க அங்கே போய்த் திரும்பிப் பார்த்தேன்:
கிழக்கு.
இக்கரைக்கு அக்கரை உயரம் என்று
எழுதிக் கொடுக்கவா என்னை
பிஷ்கெக்கிலிருந்து அனுப்பினார்கள்?

கோஷ்-தேகே, இரட்டைக் கிடாய் மலை.
கிழக்குக் கொம்பு சாரி-புலாக் ஊருக்கு,
மேற்கு, காரா-ஜார்க்காரர்களுக்கு.
கல்யாண வீட்டில் இந்தப் பேச்சு வந்து
குமிஸ் கிண்ணம் பறந்திருக்கிறது.
கொம்புக்கொரு கற்குவியல்;
ஏறுகிறவர்கள் எல்லாம் ஆளுக்கொரு கல் வைத்து
ஆளுயரம் ஆக்கிவிட்டார்கள்.
ஆள் வைத்த கல்
கணக்கில் சேராது.

சரிவில் முக்காலியை ஊன்றினேன்.
ரசமட்டக் குமிழி நடுவுக்கு வரவில்லை:
காற்று, அப்புறம் என் விரல்.
அளவுகோல் பிடிக்க வேண்டிய ஷெய்ஷென்
இரண்டு மேட்டுக்கும் இடையே ஒரு தட்டைப் பாறையில்
பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு
ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

கிழக்கு. குறுக்குக் கோடு
குவியலுக்கு அடியில், மலையின் சொந்தக் கல்லுக்கு மேலே ஓடியது.
மேற்கு. அங்கும் மேலேதான்.
லென்ஸைத் துடைத்து
சும்மா அவன் பக்கம் திருப்பினேன்.
கோடு
அவன் உட்கார்ந்திருந்த பாறையை
விளிம்புக்கு நாலு விரல் கீழே
வெட்டியது.

மூன்று முறை பார்த்தேன்.

"என்ன, எழுந்திரிக்கவா?"
வேண்டாம், தின்று முடி என்றேன்.
கீழே இரண்டு ஊரிலும் அடுப்புப் புகை.
அவன் பக்கத்தில், பாறை உச்சியில்,
ஈரக் காலுறை காய்ந்துகொண்டிருந்தது.
கம்பளியின் கனத்தைக் கழித்துவிட்டு
எண்ணை எழுதத் தொடங்கினேன்.