இருக்கட்டும்

என்னிடம் இருநூற்றுப் பதின்மூன்று சிப்பிகள்.
எண்ணிக்கை தெரியும், அதுதான் முதல் பெருமை.
ஏழு லாச்சி. ஒவ்வொன்றுக்கும் பஞ்சு,
கறுப்பு மையில் ஒரு துண்டுச் சீட்டு:
உப்புவெளி, வாடை ஓய்ந்த மறுநாள்.
சல்லிக் கரை, கரைவலைக் குப்பையில்.
புறாமலை, கேட்க ஆளில்லாத காலம்.

மதிலுக்கு அந்தப் பக்கம் இஞ்ஞாசி அண்ணை.
அவரிடம் எத்தனை என்று
அவருக்கே தெரியாது.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
தூக்கியதையெல்லாம் இறக்கியே
முப்பது வருடம் போனதாம்.
இப்போது எதையும் இறக்குவதில்லை.
யோகட் கோப்பை, எரிந்த பல்ப்,
குடைக்கம்பி, பூட்டில்லாத திறப்புகள்,
சுனாமிக்கு வந்த நீலப் பீப்பா,
எந்த நாடு தந்தது என்ற எழுத்து
வெயிலில் அழிந்துபோய்.
பாலையூற்றில் அரைவாசி மட்டும் திறக்கும் கதவு
அவருடையது ஒன்றுதான்.
நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நுழைவார்.
கட்டிலில் பாதி பேப்பர்க் கட்டு, மீதியில் அவர்.

"எறியுங்கோ அண்ணை."
"இருக்கட்டும் பிள்ளை."

பஸ் நிலையத்து மான்
பொலித்தீன் விழுங்குகிற மாதிரி
ருசி தெரியாமல் விழுங்குகிறார் என்று நினைத்திருந்தேன்.

வித்தியாசம் எனக்கு மனப்பாடம்.
வருகிறவர்களுக்கு ஒப்பிப்பேன்:
சேர்க்கிறவர் தேடிப் போகிறார்,
குவிக்கிறவரிடம் தானாய் வந்து தங்குகிறது.
என்னுடையதைத் திறந்து காட்டலாம்,
அவருடையதை மூடி வைக்கவேணும்.
சொல்லிவிட்டு மூன்றாம் லாச்சியை இழுப்பேன்.
வந்தவர் கையில் தேநீர் ஆறும்.

மார்கழி மழைக்குப் பின்னால் டெங்கு வந்தது.
டெங்குவுக்குப் பின்னால்
பி.எச்.ஐ. முஸம்மில் டோர்ச்சோடு வந்தார்.
நான் மதிலோரம் நின்று விரலால் காட்டினேன்.
ஓம், காட்டினேன். அதை மறைக்க ஏலாது.

ஒன்றரை மணித்தியாலம் அந்த வளவுக்குள்.
வெளியே வந்தபோது தலையெல்லாம் ஒட்டறை.
"ஒண்டும் இல்லை" என்றார்.
ஒவ்வொரு கோப்பையும் கவிழ்த்து,
ஒவ்வொரு சிரட்டையும் கவிழ்த்து,
பீப்பாவின் வாயில்
செத்துப்போன மனுசியின் சேலையை இறுக்கிக் கட்டி,
மழைக்கு முதல்நாள் இரவு முழுக்க
முதுகு வளைந்து வேலை செய்திருக்கிறார் மனிதர்.

பிறகு என் முற்றம்.
வாசற்படியருகே பெருஞ்சிப்பி,
லாச்சிக்குள் அடங்காத
இருநூற்றுப் பதின்மூன்றாவது.
மழைநீர் நிரம்பி வடிவாய்த்தான் இருந்தது.
டோர்ச் வெளிச்சத்தில் நெளிந்தன நுளம்புக் குடம்பிகள்.
அவற்றை நான் எண்ணவில்லை.
முஸம்மிலின் படிவத்தில்
இனம், இடம், பருவம் எழுதக் கட்டமில்லை.
'நீர் தேங்கும் கொள்கலன், ஒன்று'
என்று எழுதிக் கிழித்துத் தந்தார்.

அண்ணை மதிலுக்கு மேலால் பார்த்தார்.
சிரிக்கவில்லை.
சிரித்திருக்கலாம்.

மாசியில் எங்கள் குசினிக் குழாய் ஒழுகியது.
"வாஷர் என்னட்டை இருக்கு, பொறு" என்று போனார்.
தகரம் சரியும் சத்தம் மத்தியானம்வரை கேட்டது.
பிறகு ஒரு சத்தமும் இல்லை.
மத்திய வீதியில் வாங்கிப் போட்டுவிட்டோம்,
இருபது ரூபாய்.

நான்காம் நாள் படலையைத் தட்டினார்.
உள்ளங்கையில் கறுத்த ரப்பர் வட்டம்,
கழுவித் துடைத்து.
குழாயைப் பார்த்தார். அது சொட்டவில்லை.
கையை மூடவும் தெரியாமல்
நீட்டவும் தெரியாமல்
அவர் நின்ற நிலையை
எந்தச் சீட்டில் எழுதுவது.
"தாங்கோ அண்ணை" என்று வாங்கிக்கொண்டேன்.

"உதை ஏன் வைச்சிருக்கிறாய், எறி"
என்றார் என் வீட்டுக்காரர்.

ஏழாம் லாச்சியில் கிடக்கிறது,
கடைசிச் சோகிக்குப் பக்கத்தில்,
பஞ்சில்லாமல், சீட்டில்லாமல்.
இருக்கட்டும் என்றேன்.
அதற்குப் பிறகு வேறு சிலதும் சேர்ந்தன,
எத்தனை என்று கேட்காதீர்கள்.

அந்த லாச்சி இப்போது
முழங்காலால் தள்ளினால்தான் மூடும்.