ஒரு படத்துக்குப் பதினொரு விநாடி

மார்க்கத்தில், வார்டன் வீதியை ஒட்டி,
பெயர்ப்பலகை இல்லாத கட்டடத்தில் எனக்கு இரவு வேலை.
வாசலில் போனைச் சின்ன லாக்கரில் பூட்டிவிட்டுத்தான்
உள்ளே போகலாம்.
மற்றவர்களின் போனைப் பார்க்கப் போகிறவர்கள்
தங்கள் போனைக் கொண்டுபோகக் கூடாதாம்.
முதல் நாள் சிரிப்பு வந்தது.

இயந்திரம் தான் சந்தேகப்பட்டதை அனுப்பும்.
இரண்டு பொத்தானில் ஒன்றை நான் அமுக்குவேன்.
பெயர் தெரியாது, ஊர் தெரியாது.
பதினொரு விநாடி.

நேற்று விடிய மூன்று மணி இருக்கும்.
குளியலறைத் தரையில் ஓர் ஆண்,
காற்சட்டையைத் தொடைவரை சுருட்டி
கால்நீட்டி உட்கார்ந்திருக்கிறான்.
கால்களின் மேல் குப்புற ஒரு குழந்தை.
இயந்திரம் கண்டது:
துணி இல்லை. பெரிய கை. சின்ன முதுகு.
எண்பத்தேழு சதவீதம்.

நான் கண்டது நல்லெண்ணெய்.
தயிர் டப்பாவில் குழைத்த பயற்றம்மா.
வழுக்கிவிடுமோ என்று விறைத்துப்போன தோள்.
யாரோ வீடியோ அழைப்பில் சொல்லச் சொல்லச் செய்திருப்பான்.
படம் எடுத்தவள் சிரித்திருக்க வேண்டும்,
ஓரம் ஆடியிருந்தது.

ஏழாவது விநாடியில் 'பிழையில்லை' அமுக்கினேன்.
நாலு விநாடி மிச்சம்.
அந்த நாலும் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதுதான் பிழை.
எவரும் என்னைக் கூப்பிடாத குளியலறை.
அந்த ஈரத் தரையில் செருப்போடு நின்றேன்.

அடுத்த படத்தைப் பற்றி எழுதமாட்டேன்.
சுவர்க் கடுதாசியில் மஞ்சள் பூ இருந்தது, அவ்வளவுதான்.
மற்றப் பொத்தானை அமுக்கிவிட்டு
எழும்பிப் போய் முகம் கழுவினேன்.
எங்கோ ஒரு கதவை யாரோ தட்டுவார்கள்.
தட்ட வேணும்.
இயந்திரம் பார்த்திராவிட்டால்
அந்தப் பிள்ளையை வேறு யாரும் பார்த்திருக்கப் போவதில்லை.

அந்தரங்கம் என்று தொலைக்காட்சியில் யாராவது பேசினால்
எனக்கு மஞ்சள் பூ தெரிகிறது.
பாதுகாப்பு என்றால்
நல்லெண்ணெய் மணக்கிறது.

ஓமந்தையில் ஒருமுறை என் பையை மேசையில் கொட்டினார்கள்.
சீப்பு, உள்ளாடை, மாதவிலக்குத் துணி.
மீசை அரும்பாத சிப்பாய்
முகத்தைத் திருப்பிக்கொண்டு கையால் மட்டும் தேடினான்.
அவனை நான் மன்னிக்கவில்லை.
ஆனாலும் அந்த முகத் திருப்பலை
எந்த இயந்திரத்துக்கு, எவர், எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

என் போனில் படங்களே இல்லை.
தங்கை ஒட்டாவாவிலிருந்து கேட்பாள்,
மகன் நாரியில் தடிப்பு, படம் அனுப்பட்டுமா, பார்த்துச் சொல் என்று.
வேண்டாம், காரில் வாறன் என்பேன்.
நாலரை மணித்தியாலம்.
அவளுக்கு என்னில் ஏதோ பயம் பிடித்திருக்கிறது என்று
தன் கணவனிடம் சொன்னாளாம்.

காலை ஆறரை. வீடு.
மகள் ஆதிரையின் அறைக்கதவு பாதி திறந்திருக்கிறது.
வயது பதினைந்து.
தலையணை அருகே அவளது போன் ஒளிர்கிறது.
தெரியாத ஒரு பெயர்.
ஒரு வரி, அதன் கீழ் ஏதோ ஒரு படம்,
இங்கிருந்து மங்கலாய்.

என்னை அறியாமல் எண்ணத் தொடங்குகிறேன்.
மூன்று. நாலு.
இரண்டு எட்டு வைத்தால் போதும்.
ஏழில் திரை தானாய் அணைந்துபோனது.

சப்பாத்தைக் கழற்றாமல் நிற்கிறேன்.
பனி உருகி
அவளது வாசற்படியில் ஈரமாகிறது.