பலகையோடு ஒட்டியது

விண்டோஸ் ரெண்டு விதம், என்றார்
ராமநாதபுரம் கடை ஹபீப்.
மூவாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கினால்
பலகையோடு ஒட்டிக்கொள்ளும்,
மதர்போர்டு செத்தால் அதுவும் சாகும்.
பதினோராயிரம் என்றால்
எந்தப் பெட்டிக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

தங்கச்சிமடத்தில்
எங்கள் வாசற்படிக்கும் அலைக்கும் நூறு அடி.
போன போர்டு பத்தொன்பது மாதம் இருந்தது.
அதன் செம்புக் கோடுகளில் பூத்த பச்சையைப்
பழைய பல்துலக்கியால் தேய்த்துப் பார்த்தது நான்தான்.

புதியதையும் நானே திருகி முடித்தேன்.
திரை மூலையில் மட்டும்
'செயல்படுத்தவும்' என்று சாம்பல் எழுத்து,
வட்டிக்காரர் போல
உட்காராமல் நிற்கிறது.

லினக்ஸ் போடேன், காசில்லை என்கிறான் தம்பி.
ஏலக்கணக்கு மென்பொருள் அதில் ஓடாதே.

அண்ணன் ராயப்பனின் விசைப்படகு
எல்லைக்கு அப்பால் பிடிபட்டு
நாலு வருடமாய் மயிலிட்டிக் கரையில் மக்குகிறது.
அதன் பதிவெண்
எங்கள் அலமாரியில், லேமினேஷனுக்குள்,
புத்தம் புதிதாக.

பலகை போனபின்னும் தங்கிவிடும் எண்ணோடு
ஒரே வீட்டில் இருப்பது
எனக்குத் தெரியும், ஹபீப்.

மூவாயிரத்தை எண்ணி வைத்தேன்.
செத்தால் சேர்ந்தே சாகட்டும்.

படியிறங்கியவள் திரும்பி வந்து
ஈரம் உறிஞ்சும் பொட்டலம்
நாலு கேட்டேன்.