கழுவின கை

மெக்தெஸ் குடியிருப்பது விஜயபுரத்தில், மாடிப் போர்ஷன்.
பல்கலைக்கழகத்தில் இரண்டு வருட வேலை.
எத்தியோப்பியா என்றார்கள். போனில் மேப்பை விரித்துப் பார்த்தேன்:
நான் ஏழு வருடம் கிடந்த ஜித்தாவிலிருந்து
செங்கடலைத் தாண்டி இன்னும் கொஞ்சம் போனால் போதும்.

வாரம் இரண்டு கேன்.
இருபது லிட்டர் தோளில், பத்தொன்பது படி.
கதவு திறந்ததும் காசு வராது, கேள்வி வரும்.
தமிழ்தான் உடைசல்,
கேள்வியில் ஒரு கீறல் இருக்காது.
கேனை எப்போது கழுவினீர்கள்?
எதைப் போட்டு?
கழுவின கை யார் கை?

சீலைக் காட்டுவேன்.
"பாருங்க மேடம், கம்பெனி சீல்."
அவள் சீலைப் பார்க்கமாட்டாள், என்னைப் பார்ப்பாள்.
நான் கடைசிப் படி இறங்குவதற்குள்
மேலே அடுப்பு பற்றும் சத்தம்.

வாங்கின தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறாள் என்று
கறிக்கடை நத்தரிடம் சொல்லிச் சிரித்தேன்.
வண்டியை எடுத்தபிறகு சிரிப்பு வரவில்லை.
ஒரு வார்த்தை திட்டாமல்
ஒருத்தி என்னை வாரம் இரண்டுமுறை
பொய்யன் என்கிறாள்.

கேட்டேவிட்டேன்.
"இதே தண்ணிதான் நாங்களும் குடிக்கிறோம்,
எங்களுக்கு ஒண்ணும் ஆகலியே?"
"உங்க வயிறு இங்கே பிறந்தது.
என்னோடது ஆகஸ்ட்டில்தான் வந்தது" என்றாள்.
வந்த முதல் வாரமே மெடிக்கல் காலேஜில்
மூன்று பாட்டில் குளுக்கோஸ் ஏறியதாம்.
விரலை மடக்காமல் சொன்னாள், மூன்று.

கார்த்திகை பிறந்து நாலாம் நாள்
ஓடம்போக்கி ஆறு தெருவுக்கு வந்தது.
சாக்கடையும் ஆறும் ஒரே நிறம்.
போர் குழாயின் வாய் முங்கியிருந்ததை
விடிந்துதான் பார்த்தேன்.
ராத்திரி நாற்பது கேன் பிடித்து வைத்திருந்தான் பையன்.
நடுவில் கரண்ட் போய்ப் போய் வந்தது.
யு.வி. விளக்கு எந்தக் கேனில் அணைந்தது,
எந்தக் கேனில் எரிந்தது,
அவனுக்கும் தெரியாது.

மீட்டரை விட்டுப் பார்த்தேன். எண்பத்திரண்டு.
அருமையான எண்.
மீட்டருக்கு உப்பு தெரியும்,
சாக்கடை தெரியாது.

நாற்பதும் சீல் போட்டு நிற்கின்றன, நீலமாக, அழகாக.
போன் அடித்துக்கொண்டே இருக்கிறது,
வெள்ளத்தில் கேனுக்கு அறுபது ரூபாய் தருகிறேன் என்கிறார்கள்.
யாருக்குத் தெரியப்போகிறது?

ஜித்தாவில் கேம்ப் மொட்டைமாடித் தொட்டியில்
புறா ஒன்று செத்து மிதந்தது.
பன்னிரண்டு நாள் அதைத்தான் குடித்தோம்.
எந்தக் குழாய் குடிக்க, எந்தக் குழாய் கழுவ என்று
அரபியில் எழுதி ஒட்டியிருந்தார்களாம்.
பதினொரு பேர் கக்கூஸ் வாசலில் வரிசை நின்றோம்.
சூப்பர்வைசர் சொன்னான்:
"புது ஊர்த் தண்ணி, போகப்போகப் பழகிடும்."

கழுவின கை யார் கை?

ஒவ்வொரு சீலாகக் கிழித்தேன்.
வெள்ளத்துக்குள் தண்ணீரைக் கொட்டுகிறவனை
எதிர்வீட்டு மாடியிலிருந்து
யாரோ வீடியோ எடுத்தார்கள்.
எடுக்கட்டும்.

இடுப்பளவில் நடந்து விஜயபுரம் போனேன், வெறுங்கையோடு.
"இன்னிக்குக் கேன் இல்ல மேடம். கெட்டுப்போச்சு.
குழாய்த் தண்ணியக் காய்ச்சிக்குங்க.
நல்லாக் கொதிக்கணும்" என்றேன்,
அவளிடம் போய் இதைச் சொல்கிறேனே என்று
பாதியில் நாக்கு இழுத்தது.

அவள் உள்ளே போய் ஒரு டம்ளர் கொண்டுவந்தாள்.
வெதுவெதுப்பாக, லேசான காப்பி வாசனையோடு.
எத்தனை நிமிடம் கொதித்ததென்று நான் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

தண்ணீர் வடிந்தது. போருக்கு மூன்று தடவை குளோரின் ஊற்றினேன்,
வாயை இரண்டடி உயர்த்திக் கட்டினேன், கடன் பதினேழாயிரம்.
திங்கட்கிழமை பத்தொன்பது படி.
அதே மூன்று கேள்வி.
மூன்றுக்கும் பதில் இருந்தது, சொன்னேன்.
தலையாட்டினாள்.
நான் இறங்குவதற்குள் அடுப்பு பற்றியது.

திரும்பும் வழியில் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில்
ஜக்கிலிருந்து தண்ணீர் ஊற்றினார் முதலாளி.
"இந்த ஜக்கை எப்ப கழுவினீங்க?" என்றேன்.
கிளாஸைப் பிடுங்கிக்கொண்டார்.